இரண்டாம் முறை கடல் கடக்குமுன்

பொருள் தேடும்பொருட்டுக் கணவன் பிரிந்து செல்வதும், மனைவி அவன் வரவை எதிர்நோக்கி இருப்பதும் தமிழர் வாழ்க்கைக்குப் புதியன அல்ல. கடல்வழிப் பிரிவிலே மனைவியை உடனழைத்துச் செல்லும் வழக்கம் ஆடவனுக்கு இல்லை என்று தொல்காப்பியம் கூறுகின்றது. காட்டு நிலமாகிய முல்லைக்கு ஆற்றியிருத்தலையும், கடற்கரையாகிய நெய்தலுக்கு இரங்கலையும் உரிப்பொருளாக வகுத்தனர் நம் முன்னோர். அவர்கள் கண்ட பிரிவுக்குத் தூரமும் காற்றும் பருவமும் காரணங்களாக இருந்தன. இன்றோ கொழும்பில் விமானம் ஏறுகின்றவர் ஒரு நாள் கழியுமுன் உரோமாபுரியில் இறங்கிவிடலாம். புத்தளம் மாவட்டத்துக் கரையூர்களிலே பல கணவன் மனைவியரை இன்று பிரித்து வைத்திருப்பது கடலின் அகலமன்று. நாடு கடத்தற் கட்டளை என்னும் ஒரு தாளேயாகும்.

இக்கரை தெற்கே வென்னப்புவையில் தொடங்கி, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல் என்று வடக்கு நோக்கிச் சென்று, புத்தளம் களப்பை அணைத்தவாறு கற்பிட்டிக் குடாநாடு வரை நீண்டு கிடக்கின்றது. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் கரை இது. தேவாலயத்துக் கொடிமரமும், உடப்புத் திரௌபதையம்மன் கோயிலின் தீக்குழியும், களப்போரத்துப் பள்ளிவாசலும் இக்கரைக்கு உரியன. மொழியும் மதமும் வேறுபட்டாலும் இம்மக்களின் கவலை ஒன்றேயாக இருக்கின்றது. வீட்டுக்கு ஒருவரேனும் கடல் கடந்திருக்கின்றார். சென்றவருட் சிலர் பிடிபட்டுத் திரும்பியிருக்கின்றனர். அவ்வாறு திரும்பியவரைச் சட்டப்படி அங்கே வாழும் துணைவர் மீண்டும் அழைத்துக்கொள்ளலாமா? திருப்பி அனுப்பப்பட்டவர் அனுமதியின்றி மறுபடியும் அந்நாட்டினுள் நுழைந்துவிட்டால் அதன் பின் என்ன நேரும்? இவ்விரு வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மாணவி கொணர்ந்த வினா

நம்மிடம் கற்ற மாணவி ஒருத்தி இவ்வினாவை நம்முன் வைத்தாள். அவளுடைய தமக்கையார் இத்தாலி நாட்டில் முதியோரைப் பராமரிக்கும் தொழில் செய்கின்றார். வதிவிட அனுமதியும் பெற்றிருக்கின்றார். அத்தானோ கடல் வழியாகச் சென்று, சில காலம் மறைந்து வேலை செய்து, பிடிபட்டு, விமானத்தில் ஏற்றி அனுப்பப்பட்டவர். ஊரிலுள்ள ஏஜென்சிக்காரர் ஒருவர் மறுபடியும் அழைத்துச் செல்வதாகக் கூறி முற்பணம் கேட்கின்றாராம்.

"போய்ச் சேர்ந்தாற் போதும், சேர், பிறகு அக்கா ஸ்பொன்சர் பண்ணினால் எல்லாம் சரிவரும் என்று சொல்கிறார். இங்கே இருந்தால் ஆயுள் முழுக்கத் தடைதானாம். அம்மா நகையை அடகு வைக்கப் போகிறா" என்றாள்.

"பிள்ளை, அத்தானை அனுப்பியபோது கையிற் கொடுத்த கடிதம் வீட்டில் இருக்கிறதா?" என்று கேட்டோம்.

மறு வாரம் அதனைக் கொண்டுவந்தாள். இத்தாலிய மொழியில் அச்சிட்ட தாள்கள் சில, மடிப்பு விரியாமல், நகைப் பெட்டியின் அடியிற் கிடந்தனவாம். வீட்டார் ஒருவரும் அவற்றைப் படித்திலர். மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டிப் படிப்பித்தபோது, அதிலே தடைக்கு ஆண்டுக் கணக்கு ஒன்று குறிக்கப்பட்டிருந்தமை தெரியவந்தது. ஆயுள் தடை என்று ஏஜென்சிக்காரர் கூறியது அந்தத் தாளில் இல்லை.

அந்த வீட்டின் எதிர்காலம் அத்தாளிலேயே எழுதப்பட்டிருந்தது. படிக்காமையால் அவர்கள் நகையையும் இழந்து, உயிரையும் பணயம் வைத்து, முடிவில் உள்ள வழியையும் அடைத்துக்கொள்ள இருந்தனர். ஆதலாலேயே இதனை விரிவாக எழுதத் துணிந்தோம்.

எதிர்த் திசையில் வந்த தோணிகள்

இக்கரைக்கு இத்துன்பம் புதியதன்று. திசை மட்டுமே மாறியிருக்கின்றது. ஒரு காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே மக்கள் பெருந் தடையின்றிப் போய் வந்தனர். 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தபின் நிலைமை மாறிற்று. கடவுச்சீட்டும் விசாவும் இன்றி வருவது குற்றமாயிற்று. கடை வைத்திருந்த கணவன் இங்கும் மனைவி மக்கள் இராமநாதபுரத்திலும் திருநெல்வேலியிலுமாக இருந்த குடும்பங்கள் ஒரு சட்டத்தின் இரு புறங்களிலும் நின்றன.

விசாக் கிட்டாதவர் இரவிலே தோணி ஏறினர். பிடிபட்டோர் திருப்பி அனுப்பப்பட்டனர். அவருட் சிலர் மறுபடியும் வந்தனர். "கள்ளத்தோணி" என்னும் சொல் அவ்வாறு பிறந்தது. பின்னர் அச்சொல் சட்டப்படி வந்து தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் உழைத்த மலைநாட்டுத் தமிழர்மேலும் வசைச் சொல்லாக வீசப்பட்ட கொடுமையை நாம் அறிவோம். வடமேற்குக் கரைக்கு வரும் இத்தோணிகளைத் தடுப்பதற்கென்று 1952ஆம் ஆண்டில் இராணுவத்தினரும் காவலில் நிறுத்தப்பட்டனர். அந்த ஏற்பாடு 1963ஆம் ஆண்டில் தனியொரு படைப்பிரிவாக விரிவடைந்து 1981ஆம் ஆண்டு வரை நீடித்தது.

1954 சனவரி 18ஆம் திகதி நேருவும் கொத்தலாவலையும் புதுதில்லியில் கைச்சாத்திட்ட உடன்படிக்கையும் இவ்விடயத்தையே முதன்மையாகக் கொண்டிருந்தது. வாக்காளர் பதிவில் இல்லாத வயது வந்தோரைத் தனியே பதிவு செய்வதென்றும், அப்பதிவு முடிந்த பின்னர் பதிவில் இல்லாத ஒருவரின் தாய்மொழி இந்திய மொழியாயின் அவர் கள்ளமாக வந்தவர் எனக் கொள்ளப்பட்டு நாடு கடத்தப்படலாம் என்றும் அதிற் கூறப்பட்டது. மனிதன் பேசும் மொழியே அவனுக்கு எதிரான சாட்சியாக நிற்கக்கூடிய நிலை அது.

எனினும் அந்நாளிலேயே திருமணத்துக்கெனச் சட்டம் ஒரு வழியை வைத்திருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இலங்கைப் பிரசையின் துணைவர் ஓராண்டு இங்கு வதிந்தபின் பதிவுப் பிரசையாக விண்ணப்பிக்க இடமிருந்தது. விசாப் பெற்று வந்த மனைவிக்கு அவ்வழி பயன்பட்டது. தோணியில் வந்த மனைவிக்கோ வதிவைக் காட்டச் சான்றும் இல்லை. காட்டினால் பிடிபடும் அச்சமும் உண்டு. அழைப்பதற்குக் கணவன் ஒருவன் இருந்தும், வந்த வழி அவளை மறைந்து வாழச் செய்தது. இன்று பிற நாடுகளில் நம்மவர் அகப்பட்டிருக்கும் சிக்கலும் இதுவேயாகும்.

இன்னொன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். அன்று உள்ளே வருவோரைத் தடுக்க எழுந்த அதே 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான், இன்று அங்கீகரிக்கப்படாத துறை வழியாக நாட்டை விட்டு வெளியேறுவோரும் நீதவான் முன் நிறுத்தப்படுகின்றனர். ஐந்தாண்டு வரை சிறையும் இரண்டு இலட்சம் ரூபாய் வரை தண்டமும் அதற்கு விதிக்கப்படலாம்.

சின்ன இத்தாலி

வென்னப்புவையைச் "சின்ன இத்தாலி" என்று ஊரார் அழைப்பதற்குக் காரணம் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபைத் தொடர்புகளின் வாயிலாக வீட்டு வேலைக்குச் சென்ற பெண்களே இப்பகுதியிலிருந்து இத்தாலிக்கு முதற் பாதை அமைத்தவர்கள். அவர்களைப் பின்பற்றி ஆடவர் சென்றனர். விசாக் கிடைத்தவர் விமானத்தில் சென்றனர். கிடைக்காதவர் கடலிலும் காட்டிலும் எல்லை கடந்தனர்.

இத்தாலிய அரசு 1986, 1990, 1995, 1998, 2002, 2009, 2012, 2020 ஆகிய ஆண்டுகளில் அனுமதியின்றி வேலை செய்தோரைப் பதிவு செய்து அனுமதி வழங்கிற்று. அவ்வாறு நிலைபெற்றோர் ஊரில் மாடி வீடு கட்டினர். தம்பி தங்கையரைப் படிப்பித்தனர். "எப்படியாவது போய்ச் சேர், ஒரு நாள் பேப்பர் கிடைக்கும்" என்னும் நம்பிக்கை ஊரில் வேரூன்றியதும் இதனாலேயே. அந்நம்பிக்கை முற்றும் பொய்யென்று கூறுதல் நேர்மையாகாது. ஆனால் ஒரு முறை வெளியேற்றப்பட்டவர் இக்கணக்கிற் சேரமாட்டார். 2002ஆம் ஆண்டின் பதிவிலே, நாடு கடத்தற் கட்டளைக்கு உள்ளான பலரைச் சட்டமே வெளிப்படையாக விலக்கிவைத்தது. அண்ணனுக்குப் பலித்தது என்று கண்டு, வெளியேற்றப்பட்ட தம்பியும் அவ்வழியே போவது தவறான கணக்காகும்.

இனி, சட்டம் கூறுவதைக் காண்போம். இத்தாலியின் 1998ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத் தொகுப்பில் 29ஆம் பிரிவு குடும்ப இணைவு பற்றியது. வதிவிட அனுமதியுள்ள ஒருவர் தம் துணைவரையும் பராயமடையாத பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள அது வழி செய்கின்றது. போதிய வருமானமும் தகுந்த வீடும் காட்டி, அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் அனுமதிக் கடிதம் பெறவேண்டும். அதன்பின் இங்குள்ளவர் கொழும்பிலுள்ள இத்தாலியத் தூதரகத்தில் விசாவுக்கு விண்ணப்பிக்கவேண்டும்.

அதே தொகுப்பின் 13ஆம் பிரிவு வெளியேற்றம் பற்றியது. வெளியேற்றப்பட்டவர் உள்நாட்டு அமைச்சரின் தனி அனுமதியின்றித் தடைக்காலத்தில் மீண்டும் நுழைந்தால், ஓராண்டு முதல் நான்காண்டு வரை சிறை. அதன்மேல் உடனடியாக மறுபடியும் வெளியேற்றம். இச்சிறைத் தண்டனை ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானதன்று என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2015 ஒக்டோபர் 1ஆம் திகதி தீர்ப்பளித்தது. திருப்பி அனுப்பப்பட்டு மீண்டும் இத்தாலியினுள் நுழைந்த அல்பேனியர் ஒருவரின் வழக்கு அது.

தடைக்காலம் எவ்வளவு? முன்னர் அது பத்தாண்டாக இருந்தது. திருப்பியனுப்புதல் பற்றிய 2008ஆம் ஆண்டின் ஐரோப்பிய விதியானது தடை பொதுவாக ஐந்தாண்டுக்கு மேற்படலாகாது என்று வகுத்தது. அதற்கிணங்க இத்தாலியும் 2011ஆம் ஆண்டில் அதனை மூன்று முதல் ஐந்தாண்டாகக் குறைத்தது. பழைய பத்தாண்டுக் கணக்கை இன்றும் கூறி மக்களை அச்சுறுத்துவோர் உளர்.

இவை எல்லாவற்றிலும் சிறந்த செய்தி ஒன்று அந்த 13ஆம் பிரிவினுள்ளேயே இருக்கின்றது. எல்லைக் காவலைத் தவிர்த்து நுழைந்தமைக்காகவோ, அனுமதியின்றித் தங்கியமைக்காகவோ வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு, 29ஆம் பிரிவின்படி குடும்ப இணைவு அனுமதிக்கப்பட்டிருந்தால், அமைச்சரின் தனி அனுமதி வேண்டும் என்னும் அத்தடை அவருக்குப் பொருந்தாது என்பதே அது. வெளியேற்றியவர்களே, மனைவி அழைத்தால் வரலாம் என்று ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கின்றனர்! ஆனால் வெளியே நின்று, அனுமதி பெற்று வருபவருக்கே அவ்வாயில் உதவும். தாமாகவே மறைந்து நுழைந்தவருக்குக் குற்ற வழக்கே எதிரில் நிற்கும்.

2018 மே 8ஆம் திகதி, பெல்சியம் பற்றிய வழக்கொன்றில் அதே ஐரோப்பிய நீதிமன்றம் இன்னொரு நெறியையும் நிலைநாட்டியது. நுழைவுத் தடை ஒன்று இருக்கின்றது என்னும் ஒரே காரணத்தால், அந்நாட்டுப் பிரசையாகிய உறவினருடன் இணைய விரும்புவோரின் விண்ணப்பத்தைப் பாராமலே தள்ளிவிடலாகாது. ஒருவர் மற்றொருவரை எவ்வளவு சார்ந்திருக்கின்றார் என்பதை ஆராய்தல் வேண்டும் என்பதே அந்நெறி. கருணைக்கு இடமுண்டு, அதற்கு விண்ணப்பம் வேண்டும்.

மனைவியின் விண்ணப்பமே காட்டிக்கொடுத்த கதை

மறைந்து நுழைந்தபின் திருமணத்தால் எல்லாம் சரியாகும் என்று எண்ணுவோர் அமெரிக்க வழக்கொன்றை அறிதல் நன்று. மெக்சிகோ நாட்டவர் ஒருவர் 1970களில் அமெரிக்காவினுள் வந்தார். பல முறை திருப்பி அனுப்பப்பட்டார். இறுதியாக 1981ஆம் ஆண்டில் நாடு கடத்தப்பட்டார். 1982ஆம் ஆண்டில் மறைவாக மீண்டும் வந்தார். யூட்டா மாநிலத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து, லொறித் தொழில் நடத்தினார். 1989ஆம் ஆண்டில் ஒரு மகன் பிறந்தான். 2001ஆம் ஆண்டில், அமெரிக்கப் பிரசையாகிய அப்பெண்ணை முறைப்படி மணந்தார். மனைவி கணவனுக்காகக் குடிவரவு விண்ணப்பம் செய்தார்.

அவ்விண்ணப்பமே அவரை அதிகாரிகளுக்கு அறிவித்துவிட்டது. 2003ஆம் ஆண்டில், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முந்திய கட்டளைக்கு மீண்டும் உயிர் கொடுத்தனர். 2004ஆம் ஆண்டில் அவரை நாடு கடத்தினர். வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2006 சூன் 22ஆம் திகதி, ஒன்பது நீதிபதிகளில் எண்மர் அரசின் செயல் சட்டத்துக்கு இணங்கியதே என்றனர். ஒருவர் மட்டும் மாறுபட்டார். இருபதாண்டு உழைப்பும் மனைவியும் மகனும் அக்கட்டளையை அழிக்கவில்லை.

1996ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டம் இருவகையினரை வேறுபடுத்துகின்றது. வெளியேற்றப்பட்டபின் வெளியிலேயே இருப்பவருக்கு, நிலைமைக்கேற்ப ஐந்து, பத்து அல்லது இருபது ஆண்டுத் தடை உண்டு. தடைக்காலம் முடியுமுன்பே அனுமதி கேட்கவும் இடமுண்டு. ஆனால் வெளியேற்றப்பட்டபின் அனுமதியின்றி மீண்டும் நுழைந்தவருக்கு அத்தடை நிரந்தரமாகின்றது. நாட்டுக்கு வெளியே பத்தாண்டு கழித்த பின்னரே வருவதற்கு அனுமதி கேட்கவும் முடியும். கணவனோ மனைவியோ அமெரிக்கப் பிரசையாக இருப்பதனால் அப்பத்தாண்டு குறைந்துவிடாது.

கனடாவும் அவுஸ்திரேலியாவும்

நம் தமிழ்க் குடும்பங்கள் மிகுதியாக வாழும் கனடாவிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். அங்கே வெளியேற்றக் கட்டளைகள் மூவகைப்படும். முதலாவது, முப்பது நாளுள் தாமே வெளியேறி அதனை அதிகாரிகளிடம் உறுதிப்படுத்துமாறு பணிப்பது. அவ்வாறு செய்தவர் பிறகு தனி அனுமதியின்றியே விண்ணப்பிக்கலாம். அதனை அலட்சியம் செய்தாலோ, அக்கட்டளை தானாகவே நாடு கடத்தற் கட்டளையாக மாறிவிடும். இரண்டாவது, ஓராண்டுக்கு, பொய் கூறியிருந்தால் ஐந்தாண்டுக்கு, விலக்கிவைப்பது. மூன்றாவது, நாடு கடத்தல். அதற்குக் கால எல்லை இல்லை. எத்தனை ஆண்டு கழிந்தாலும் "மீண்டுவர அனுமதி" ஒன்றை எழுத்தில் பெற்றே வரவேண்டும். அரசு செலவிட்டு அனுப்பியிருந்தால் அச்செலவையும் திருப்பிச் செலுத்தல் வேண்டும்.

கனடா நாட்டுக் குடிவரவுத் துறை 2005ஆம் ஆண்டில் நல்லதோர் ஏற்பாட்டைச் செய்தது. விசாக் காலம் முடிந்தும் தங்கியிருப்பவரைக் கூட, அவர் உண்மையான துணைவராக இருந்தால், நாட்டினுள்ளிருந்தே ஸ்பொன்சர் செய்துகொள்ளலாம் என்பதே அது. இதனைக் கேள்வியுற்றோர், "உள்ளே போய்விட்டாற் போதும்" என்று முடிவு செய்துவிடுகின்றனர். அவ்வேற்பாட்டின் அடுத்த வரியையும் படித்தல் வேண்டும். நாடு கடத்தப்பட்டு, மீண்டுவர அனுமதி பெறாமல் வந்தோருக்கு அது பொருந்தாது என்று அங்கேயே எழுதப்பட்டிருக்கின்றது.

அவுஸ்திரேலியாவின் கதை இக்கரைக்கு இன்னும் நெருங்கியது. 2012ஆம் ஆண்டில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட இலங்கையர் மீன்பிடி வள்ளங்களில் அந்நாட்டைச் சென்றடைந்தனர். 2013 சூலை 19ஆம் திகதிக்குப் பின் படகில் வருவோர் ஒருவரும் அங்கே குடியேற முடியாது என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. 2014 சூலையில் நடுக்கடலிலேயே நாற்பத்தொரு பேரை இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. முன்னரே சென்று தற்காலிக விசாவில் தங்கியோரோ, பல ஆண்டுகள் தம் மனைவி மக்களை அழைக்க வழியின்றி இருந்தனர். 2023 பெப்ரவரியில்தான் அவருட் பெரும்பாலோருக்கு நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கும் உரிமை கிடைத்தது. கைக்குழந்தையாக விட்டுச் சென்ற பிள்ளை பத்து வயதைத் தாண்டும் வரை தந்தையைத் தொலைபேசித் திரையிலேயே கண்டது என்றால், அவ்வீட்டின் நிலையை வாசகர்களே உணர்ந்துகொள்ளலாம்.

ஈண்டு ஒன்றைப் பிரித்துக் கூறல் வேண்டும். உயிருக்கு அஞ்சி ஓடுகின்றவரின் நிலை வேறு. ஆபத்து உள்ள நாட்டிலிருந்து நேரே வந்து, தாமதமின்றி அதிகாரிகளிடம் தம்மை வெளிப்படுத்தி, தக்க காரணமும் காட்டும் அகதியை, அனுமதியின்றி நுழைந்தமைக்காகத் தண்டித்தலாகாது என்று 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயம் கூறுகின்றது. நாம் இங்கே பேசுவது, குடும்பத்தோடு சேர்தற்பொருட்டு மீண்டும் செல்ல விரும்புவோரைப் பற்றியே.

வீட்டிலேயே செய்யத்தக்கன

இவ்வாறு நாட்டுக்கு நாடு விதி வேறுபடினும், எங்கும் ஓர் ஒற்றுமை தெரிகின்றது. முதல் முறை வெளியேற்றப்பட்டவரைப் பெரும்பாலும் சட்டம் ஒரு காலக் கணக்குக்குள் அல்லது ஓர் அனுமதிக்குள் வைக்கின்றது; துணைவர் அழைக்கச் சிறு வழியையும் விட்டுவைக்கின்றது. அனுமதியின்றி இரண்டாம் முறை நுழைவதே அவ்வழியை அடைக்கின்றது. ஆதலால் குடும்பத்தார் முதலிற் செய்யவேண்டியவை சில உள.

முதலாவது, திருப்பி அனுப்பியபோது தந்த தாள்களைப் பத்திரப்படுத்தி, மொழி அறிந்தவரைக் கொண்டு படிப்பித்தல். எந்தச் சட்டப்பிரிவின் கீழ் அனுப்பினர், எத்தனை ஆண்டுத் தடை, எந்தத் திகதி என்பவற்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் தடைக்காலம் கட்டளை எழுதிய நாளிலிருந்து அன்று, உண்மையாகவே வெளியேறிய நாளிலிருந்தே எண்ணப்படும் என்று 2017ஆம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது. எனவே கட்டுநாயக்காவில் வந்திறங்கிய நாளுக்குரிய சான்றும் பயன்படும். அன்றியும், ஒரு நாடு விதித்த தடை ஷெங்கன் தகவல் முறைமையிற் பதிவாவதால், அயல் நாட்டு வாயிலும் அதுவரை அடைபட்டிருக்கும். இத்தாலி மறுத்தால் பிரான்சு என்று எண்ணிப் பணம் கொடுத்தல் வீண்.

இரண்டாவது, திருமணத்தைப் பதிவு செய்தல். கோயிலில் அம்மன் சந்நிதியில் தாலி கட்டியது நமக்குப் போதும். தூதரகத்துக்குப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டிலிருந்தே உள்ளது. முஸ்லிம் மக்களுக்கு 1951ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. பதிவாளரிடம் செல்லுதல் ஒரு நாள் வேலை. அதனைப் பத்தாண்டு தள்ளிப்போட்டு, விண்ணப்பம் செய்யும் வாரத்திற் பதிவு செய்தால், விசாவுக்காகவே நடந்த திருமணமோ என்னும் ஐயம் எழும்.

மூன்றாவது, உண்மையை மறையாமை. பிறர் பெயரிற் கடவுச்சீட்டு எடுத்துச் சென்றவரும், முன்னர் வெளியேற்றப்பட்டதைச் சொல்லாமல் விடுபவரும் நம்மிடையே பலர். கைவிரல் அடையாளம் பெயரை மாற்றினாலும் மாறாது. கனடாவில் விண்ணப்பத்திற் கூறும் பொய்யொன்றுக்கே ஐந்தாண்டுத் தடை உண்டு. திருப்பி அனுப்பப்பட்டதை வெளிப்படையாக எழுதி, அதன்பின் ஊரில் ஒழுங்காக வாழ்ந்தமைக்குச் சான்று காட்டுவதே வழக்கை வலுப்படுத்தும்.

நான்காவது, குடும்ப வாழ்வு தொடர்கின்றது என்பதற்குச் சான்றுகளைச் சேர்த்தல். அனுப்பிய பணத்தின் வங்கிப் பற்றுச்சீட்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், பாடசாலைக் கட்டணம் கட்டிய துண்டு, மனைவி விடுமுறையில் வந்து சென்ற கடவுச்சீட்டுப் பதிவு முதலியன சிறியனவாகத் தோன்றலாம். உறவின் உண்மையையும் உறுதியையும் பார்க்குமாறு இத்தாலியச் சட்டமே அதிகாரியைப் பணிக்கின்றது. அதனை அவர் வேறு எதனைக் கொண்டு பார்ப்பார்?

ஐந்தாவது, ஏஜென்சிக்காரருக்குக் கொடுக்கும் முற்பணத்தில் ஒரு சிறு பகுதியை, துணைவர் வாழும் நாட்டில் குடிவரவுச் சட்டம் அறிந்த சட்டத்தரணி ஒருவருக்குக் கொடுத்து ஆலோசனை பெறுதல். இச்சட்டங்கள் அடிக்கடி மாறுவன. ஒருவருக்குப் பொருந்தியது மற்றவருக்குப் பொருந்துவதில்லை. நாம் எழுதியது வழியின் திசையைக் காட்டும். வழக்குக்குரிய விடையைச் சட்டத்தரணியே கூறல் வேண்டும்.

மாணவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் வீடுகளில் ஆங்கிலமும் பிறமொழியும் ஓரளவேனும் அறிந்தவர்கள் நீங்களே. பெட்டியின் அடியிற் கிடக்கும் தாளை எடுத்து வாசிக்கத் தக்கவர்களும் நீங்களே. பரீட்சைக்காகப் படித்த மொழி, அம்மாவின் நகையை அடகுக் கடைக்குப் போகாமற் காக்குமாயின் அதனினும் சிறந்த பயன் கல்விக்கு வேறு யாது?

காத்திருக்குமாறு கூறுதல் எளிது. காத்திருப்போருக்கே அதன் பாரம் தெரியும். மூன்றாண்டு என்பது குழந்தையொன்று பிறந்து பேசப் பழகும் காலம். ஐந்தாண்டு என்பது தாயார் ஒருவர் நோயுற்று மறையவும் போதிய காலம். சட்டங்கள் குடும்பங்களின்பால் இன்னும் இரக்கம் கொள்ளல் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அதற்காகக் குரல் கொடுப்போர் அந்தந்த நாடுகளிலும் உளர். ஆயினும் எண்ணி முடிக்கக்கூடிய ஆண்டுகளை, எண்ணி முடியாத ஆண்டுகளாக்கிக்கொள்ளாதிருத்தல் நம் கையில் உள்ளது. தடைத் திகதி முடியும் நாளை வீட்டு நாட்காட்டியிற் குறித்து வைத்துவிட்டு, அதுவரை விண்ணப்பத்துக்குரிய சான்றுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து வரும் வீட்டிற்கு, மனைவி அழைக்கும் நாளிலே கணவன் கட்டுநாயக்கா வழியாகப் பகலில், தன் சொந்தப் பெயரில், சென்று சேரும் வாய்ப்பு உண்டு.